சாந்தோமில் ஒரு பச்சைக்கொடி

பிப்ரவரி 3, ஞாயிறு

சேலத்தில் இருக்கும் மகள் அமலி புத்தாண்டுக்கு அனுப்பிய டைரி இது. ஒரு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. ரயில்வேயில் கார்டாக முப்பத்துநான்கு வருடம் ஓடி ஓய்ந்தவனுக்குத் தினம் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்று பொறுப்பு ஒன்று தலையில் விழுந்திருக்கிறது. பொறுப்பு என்றால் பதிவு வேண்டும்.

காலைப் பூசைக்குப் பிறகு எங்கள் நல்லாயன் கோயில் பங்கின் பேரவைக் கூட்டம். தவக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருநாள் திருயாத்திரை போவதென்று முடிவு. எங்கே என்பதில்தான் இழுபறி. சிலர் சென்னை சாந்தோம் பேராலயம் என்றார்கள். துணைத் தலைவர் சூசைமாணிக்கம் எழுந்தான். மளிகைக் கடைக்காரன். என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவன். அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் மாற்றிச் சொல்வதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறான்.

"நம்ம ஆயர் பாண்டிச்சேரில இருக்காரு. அங்க இருக்குற பேராலயத்த விட்டுட்டு மெட்ராசுக்கு ஏன் போவணும்? விழுப்புரத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துல பாண்டி."

அப்போது பாடகர் குழுவை நடத்தும் செலஸ்தின் டீச்சர் பின்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "நான் இன்னும் சாந்தோம் பாத்ததில்ல. மே மாசம் ரிட்டயர்டு ஆவறேன். பையன் ஓசூருக்குக் கூப்புடுறான், மாடிப் போர்ஷன் கூட பாத்து வெச்சிட்டான். அங்க போயிட்டா அப்புறம் எங்க பாக்கறது."

ஓசூர் விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது, மகனோடு போய் இருப்பது நியாயம்தான்.

பிறகு நான் எழுந்து சாந்தோம் பேராலயத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசியதாகச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம்தான் இருக்கும். தோமையாரைப் போல அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறைமேல் எழுந்த கோயில் உலகத்தில் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். சூசைமாணிக்கத்துக்கு பதில் தெரியவில்லை. எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் கேட்டவன் நான்.

சாந்தோம் முடிவாயிற்று. மார்ச் 2, சனிக்கிழமை. முழு ஏற்பாடும் நான்.

பிப்ரவரி 5, செவ்வாய்

பாதை தயார். விழுப்புரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் தாம்பரம். அங்கிருந்து மின்வண்டியில் பூங்கா. சாலையைக் கடந்து பறக்கும் ரயில். கலங்கரை விளக்கம் நிறுத்தத்தில் இறங்கினால் நடை தூரம். மூன்று வண்டி, இரண்டு மாற்றம்.

பங்குத்தந்தை லியோ பார்த்துவிட்டு, "ஒரு பஸ் புடிச்சா வாசல்லயே எறங்கிடலாமே மதலைமுத்து" என்றார். பஸ்ஸுக்குக் கார்டு கிடையாது ஃபாதர் என்றேன். 

பிப்ரவரி 9, சனி

பெயர் கொடுத்தவர்கள் 41 பேர். மதியச் சாப்பாட்டுக்கு கபூர் பாயிடம் மட்டன் பிரியாணி சொல்லிவிட்டேன். விழுப்புரத்தில் அவர் கைக்கு மேல் கை கிடையாது. விடியற்காலையில் தம் போட்டு, வாழையிலையில் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி ஒட்டித் தந்துவிடுவார். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. சுற்றறிக்கையில் 'மதிய உணவு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' என்று மட்டும் இருக்கும். கடற்கரையில் பெட்டியைத் திறக்கும்போது சூசைமாணிக்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 14, வியாழன்

விசேஷம் ஒன்றும் இல்லை. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க செலஸ்தின் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் பெயர் சரியாகத்தான் இருந்தது. இஞ்சி டீ கொடுத்தார்.

பிப்ரவரி 17, ஞாயிறு

பூசைக்குப் பின் யாத்திரிகர்களுக்குப் பயிற்சி. ரயில்வே கொடிகளை ஓய்வு பெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டதால், தையல்காரரிடம் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று புதிதாகத் தைத்து வாங்கியிருக்கிறேன். விதி எளிது. சிவப்பு காட்டினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பச்சை உயர்ந்தால் எங்கிருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், பையை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் என்னைச் சுற்றிக் கூட வேண்டும். கோயில் வளாகத்தில் நான்கு முறை ஓட விட்டேன். நான்காவது முறை ஐம்பத்தைந்து விநாடி. சூசைமாணிக்கம் மூச்சு வாங்கிக்கொண்டே என் வம்சத்தைப் பற்றி ஏதோ சொன்னான்.

செலஸ்தின் டீச்சர் கொடியை வாங்கிப் பார்த்தார்.

"கார்டு பச்சைக்கொடி காட்டலன்னா டிரைவர் வண்டிய எடுக்கவே மாட்டாரா சார்?"

"சிக்னல் பச்சை விழுந்திருந்தாலும் எடுக்க மாட்டாரு டீச்சர்."

"கார்டு மறந்துட்டா?"

"முப்பத்துநாலு வருஷத்துல ஒரு நாளும் மறந்ததில்ல."

"மறக்கலன்னா சரி" என்று கொடியை அழகாகச் சுற்றி என் கையில் கொடுத்தார். மனத்துக்கு ஏனோ நிறைவாக இருந்தது. தொழிலைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவர்கள் குறைவு.

பிப்ரவரி 19, செவ்வாய்

சிக்கல். டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். மார்ச் இரண்டாம் தேதி அவரால் வர முடியாதாம். தேர்வு நேரம், பள்ளியில் வேலை. "பதினஞ்சாந்தேதி ஒரு நாள்தான் சார் எனக்கு ஃப்ரீ. பரவால்ல, நீங்கல்லாம் போயிட்டு வாங்க. எனக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திடுங்க."

சரி டீச்சர் என்று வைத்துவிட்டேன். ஒருவருக்காக 41 பேரின் தேதியை மாற்ற முடியுமா? முடியாது. நிர்வாகம் என்றால் நிர்வாகம்.

பிப்ரவரி 20, புதன்

தேதியை மார்ச் 15க்கு மாற்றிவிட்டேன்.

காரணங்கள் உண்டு. சனிக்கிழமை வண்டியில் கூட்டம். பேராலயத்திலும் கூட்டம். நிம்மதியாக ஜெபிக்க வேண்டுமென்றால் வார நாள்தான் சரி. முப்பத்துநான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன் என்று ஃபாதரிடம் விளக்கினேன். "தவக்காலத்துக்குள்ள வருது. திருயாத்திரைக்கு அதுவும் பொருத்தந்தான்" என்று மகிழ்ந்தார்.

கபூர் பாய்க்கும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் காலண்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பதினஞ்சா? வெள்ளிக்கிழமை வருதே சார். நெஜமாத்தான் சொல்றீங்களா?"

ஜும்மா தொழுகை நாளாயிற்றே என்று தயங்குகிறார் எனப் புரிந்தது. "காலையில நாலரைக்கு பார்சல் குடுத்தா போதும் பாய். உங்க தொழுகைக்கு எந்த எடைஞ்சலும் வராது."

"அதுக்கில்ல சார், உங்க ஆளுங்க..."

"எங்க ஆளுங்கள நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனிதர். கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறார்.

பிப்ரவரி 24, ஞாயிறு

புதிய தேதி அறிவிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் விலகிக்கொண்டன. ஃபாதரையும் சேர்த்து 26 பேர். "சனிக்கிழமையில என்னய்யா கொறைச்சல்?" என்று சூசைமாணிக்கம் நாலு பேர் முன்னால் கேட்டான். கூட்டம் என்றேன். இப்போ கூட்டமே இல்லையே என்றான்.

அமலி சாயங்காலம் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னேன். "டீச்சருக்கு அன்னிக்கு லீவாப்பா?" என்று கேட்டாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். புதுச் சட்ட ஒண்ணு அனுப்பறேன், போட்டுகினு போங்க" என்றாள். பெண் பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் மனைவி மரியபுஷ்பம் இறந்து ஆறு வருடம் ஆகிறது. புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, யாத்திரைத் திட்டத்தை அவளிடம் சொன்னேன். வண்டி, மாற்றம், பிரியாணி எல்லாம். கிளம்ப எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். மீதியையும் சொன்னேன். வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை என்பதையும், அந்த இஞ்சி டீயைப் பற்றியும், ஓசூரைப் பற்றியும். ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அழுதேன். பிறகு மனசு லேசாக இருந்தது. திட்டினாளா தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது திட்ட வேண்டியதைச் சொல்லாமல் விட்டவள் இல்லை.

மார்ச் 6, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்கியது. நெற்றியில் ஃபாதர் சாம்பல் பூசும்போது என் மீசையையே உற்றுப் பார்த்தார். நேற்றுதான் மீசைக்குக் கறுப்பு போட்டேன். சென்னைக்குப் போகும்போது நம் பங்கின் மதிப்பையும் பார்க்க வேண்டுமே.

மார்ச் 8, வெள்ளி

தவக்காலத்தின் முதல் வெள்ளி. வழக்கம்போல இன்று நம் வீடுகள் எதிலும் கறி கிடையாது. நானும் ரசமும் அப்பளமும்தான். ஒழுக்கமாக இருக்கிறோம் என்பதில் ஒரு திருப்தி.

மாலையில் கபூர் பாயிடம் போய் அடுத்த வெள்ளிக்கு மட்டன் பிரியாணி 26 பொட்டலம் என்று உறுதி செய்துவிட்டு வந்தேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

மார்ச் 12, செவ்வாய்

நிகழ்ச்சி நிரல் இறுதியாகிவிட்டது. பேராலயம், கல்லறைச் சிற்றாலயத்தில் ஜெபம், கடற்கரை, உணவு. கல்லறையில் ஐந்து நிமிடத்தைக் குறிப்பு எதுவும் இல்லாமல் விட்டிருக்கிறேன். டீச்சரிடம் பாடகர் குழு சம்பந்தமாக ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. ஓசூர் போய்விட்டால் கேட்க முடியாது. மே மாதக் கடைசியில் லாரி சொல்லியிருக்கிறானாம் அவர் மகன் ரெக்ஸ்.

என்ன கேட்பது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். இரண்டாவது தாளையும் கிழித்துவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

அமலி அனுப்பிய சட்டை நீலம். கொஞ்சம் அதிகமாகவே நீலம். இஸ்திரி போட்டாயிற்று. கொடி இரண்டு, விசில் ஒன்று, மூன்றாவது தாள் சட்டைப் பையில்.

மார்ச் 16, சனி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

நாலரைக்கு கபூர் பாய் தானே ஸ்டேஷனுக்கு வந்து இரண்டு பெட்டிகளைக் கொடுத்தார். "சார், கடைசியா ஒரு தடவ கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். வண்டி வரும் நேரம், அப்புறம் பாய் என்றேன். இரண்டு தடவை அந்த மனிதரைப் பேச விடாமல் செய்தது நான்தான். பதிவு செய்கிறேன்.

திண்டிவனம் தாண்டியதும் ரயில் பெட்டிக்குள் பிரியாணி வாசனை கசிய ஆரம்பித்தது. பட்டை, கிராம்பு, நெய். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இன்னிக்குப் போயி எந்தப் புண்ணியவான் இத எடுத்துகினு வந்தானோ" என்று சூசைமாணிக்கம் முனகினான். அவன் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை வேகமாக உருட்டினார். அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஜன்னலோரம் இருந்த டீச்சருக்குக் காற்று போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வண்டியும் சரியாக மாறினோம். ஒருவரும் தொலையவில்லை. கலங்கரை விளக்கத்தில் இறங்கி நடந்து, அந்த வெள்ளைக் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்ததும் டீச்சர் நின்றுவிட்டார். சிவப்புக்கொடி காட்டி மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தினேன். அவர் பார்த்து முடிக்கும்வரை நின்றோம். உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, தரையில் நீலமும் சிவப்புமாகக் கிடந்தது. கூட்டம் இல்லை. அந்த மட்டும் என் திட்டம் சரி.

கல்லறைச் சிற்றாலயத்துக்குப் படியிறங்கினோம். எல்லோரும் முழங்காலில் நிற்க, டீச்சர் எனக்குப் பக்கத்தில். ஐந்து நிமிடம். பையில் தாள். வாயைத் திறந்தேன்.

"டீச்சர், வெள்ளிக்கிழமைன்றதால கூட்டமே இல்ல பாருங்க."

"ஆமா சார்" என்றார். "நல்ல கிழமை."

ஐந்து நிமிடமும் முடிந்தது.

பேராலயத்துக்குப் பின்னால் கடற்கரை. மீனவர் படகுகளின் நிழலில் எல்லோரையும் உட்கார வைத்து, நடுவில் பெட்டியை வைத்து, டேப்பைக் கிழித்து, முதல் பொட்டலத்தை ஃபாதர் கையில் கொடுத்தேன். அவர் பிரித்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.  

"மதலை" என்றான் சூசைமாணிக்கம் மெதுவாக. "இன்னிக்கு என்ன கெழம?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தவக்கால வெள்ளி. பங்கின் 25 பேரை அப்போஸ்தலரின் கல்லறைக்கு அழைத்து வந்து, பங்குத்தந்தையின் மடியில் ஆட்டுக்கறியை வைத்திருக்கிறேன்.

"சனிக்கிழமன்னு இருந்தத நீதான மாத்துன" என்று அவன் விடவில்லை. "கூட்டம், கூட்டம்னு சொன்ன. உண்மையச் சொல்லு. யாருக்காக மாத்துன?"

இருபத்தைந்து பேரும் என்னையே பார்த்தார்கள்.  விசில்கூட ஊதியிருக்க முடியாது.

"எனக்காகத்தான் மாத்துனாரு" என்றார் செலஸ்தின் டீச்சர். சத்தமாக, பாடகர் குழுவுக்குச் சொல்வதுபோல. "நான்தான் அன்னிக்கு மட்டும் ஃப்ரீன்னு சொன்னேன். அவரு மேல தப்பு இல்ல."

 சூசைமாணிக்கத்தின் மனைவி அவனுடைய விலாவில் முழங்கையால் ஒரு இடி வைத்தார். ஃபாதர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிரியாணியை என்ன செய்வது? பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்களிடம் கொடுக்கப் போனேன். "நாங்களும் வேதக்காரங்கதான் ஐயா, வெள்ளிக்கெழம" என்று கும்பிட்டார்கள். கடைசியில் சாலையோர ஆட்டோ ஸ்டாண்டில் அத்தனையும் போயிற்று. அவர்கள் பாய் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். நம் ஆட்கள் சுண்டலும் மாங்காயும் வாங்கித் தின்றுவிட்டு, ஓர் ஓட்டலில் தயிர்சாதம் சொல்ல ஃபாதர் ஆள் அனுப்பியதும் ஆங்காங்கே பிரிந்து கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

நான் காலி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வந்து மணலில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். உங்களையும் சேத்து கேலிக்கு ஆளாக்கிட்டேன்."

"ஒரு விஷயம் சொல்லணும் சார். ரெண்டாந்தேதி எனக்கு ஸ்கூல்ல ஒரு வேலையும் இல்ல."

எனக்கு விளங்கவில்லை.

"சும்மா சொன்னேன். நான் கேட்டா நீங்க மாத்துவீங்களான்னு பாக்கணும்னு இருந்துச்சு. தப்புதான், பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். நான் இந்தத் தோமையார் கட்சி சார். அவரு மாதிரியே தொட்டுப் பாக்காம நம்ப மாட்டேன். நாப்பத்தோரு பேரு தேதிய மாத்துவீங்கன்னு நெனைக்கல. வெள்ளிக்கெழமயில பிரியாணி கொண்டாருவீங்கன்னும் நெனைக்கல." சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். "ரெக்சு லாரி சொல்லிட்டான். எனக்கு ஓசூர் போவ இஷ்டமில்ல. இங்க இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும். கார்டு கொடி காட்டலன்னா வண்டி எடுக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க. நானும் பிளாட்பாரத்துலயே நிக்கிறேன்."

சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்தேன். வியர்வையில் எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்தது. படிக்க முடியவில்லை. அறுபத்திரண்டு வயதில் பேச்சும் வரவில்லை.  பக்கத்தில் கொடி கிடந்தது. எடுத்தேன், பச்சையைப் பிரித்தேன், தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஒரு விநாடிதான் பார்க்க முடிந்தது. கரையின் நாலு பக்கத்திலிருந்தும் நல்லாயன் பங்கு பையும் செருப்புமாகப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. சூசைமாணிக்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால். ஃபாதர் கையில் பாதி மாங்காய். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எங்கள் இருவரையும் சுற்றி மூச்சு வாங்க வட்டமாக நின்றுவிட்டார்கள்.

"என்னா, கெளம்பறோமா?" என்றான் சூசைமாணிக்கம்.

"கெளம்பறோம்" என்றார் டீச்சர்.

ஏப்ரல் 22, திங்கள்

நேற்று ஈஸ்டர், உயிர்ப்பு விழா. ரெக்ஸ் ஓசூரிலிருந்து வந்திருந்தான். அரைமணி நேரம் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அம்மாவுக்கு சுகர் மாத்திர காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மறந்துட்டேன்னு சொல்லும், நம்பாதீங்க" என்றான். அடுத்த கார்டிடம் வண்டியை ஒப்படைப்பதுபோலவே இருந்தது. லாரியை வேண்டாமென்று சொல்லிவிட்டானாம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று பூசையில் எங்கள் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. இன்னார் மகன் மதலைமுத்துவும் இன்னார் மகள் செலஸ்தினும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கலாம் என்று ஃபாதர் படித்தார். இந்த வயதில் பெயரைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. பாடகர் குழுவிலிருந்து ஒருவர் தலை நிமிராமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள்.

வெளியே வந்ததும் சூசைமாணிக்கம் கையை உயர்த்தினான். "ஃபாதர், எனக்கு ஒரு தட இருக்குது. கல்யாணத்த வெள்ளிக்கெழம வெக்கக் கூடாது."

ஜூன் 3, திங்கட்கிழமை வைத்திருக்கிறோம். சாயங்காலம் இருவருமாகப் போய் கபூர் பாயிடம் விருந்துக்குச் சொன்னோம். அவர் காலண்டரை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சார், கெழம..." என்று ஆரம்பித்தார். சொல்லுங்க பாய் என்று உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை கேட்டேன்.